இல்லை சாரும் பதினேழு குப்பிகளும்

"கிடங்குக் காப்பாளர் என்பவர், பணிமனைக்குத் தேவைப்படும் உதிரிப்பாகங்களை, தேவைப்படும் நேரத்தில், தேவைப்படும் அளவில், தாமதமின்றியும் இன்முகத்துடனும் வழங்குபவர் ஆவார்."

பேருந்துக் கழகத்தின் பணிவிதித் தொகுப்பில், நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது. எப்போதோ இருந்த ஒரு மேலாளர் இதைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டு, டிப்போ கிடங்கின் உள்சுவரில் மாட்டிவைத்தார். மாட்டிய இடம் காப்பாளர் நாற்காலிக்கு நேர் பின்னால். ஆகையால் ஜன்னலுக்கு வெளியே நிற்கிற எல்லோர் கண்ணிலும் அது படும். நாற்காலியில் இருப்பவர் கண்ணில் மட்டும் படாது. அந்த நாற்காலியில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தவரை மெக்கானிக்குகள் 'இல்லை சார்' என்று அழைத்தார்கள். முகத்துக்கு நேராகவே அழைத்தார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. அதை ஒரு பட்டமாகவே எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

அவருடைய 'இல்லை'யில் மூன்று ரகம் உண்டு. தலையைத் தூக்காமல் சொன்னால் பொருள் இருக்கிறது, ஆனால் கேட்பவனைப் பிடிக்கவில்லை. தலையைத் தூக்கிச் சொன்னால் பொருள் இருக்கிறது, ஆனால் ஒன்று கொடுத்தால் இன்னொருவன் வந்து நிற்பான். எழுந்து, அலமாரிப் பக்கம் நடந்து, கொஞ்ச நேரம் நின்று, திரும்பி வந்து வருத்தமாகச் சொன்னால் பொருள் நிறையவே இருக்கிறது. உண்மையிலேயே இல்லாத பொருளைக் கேட்டால் மட்டும், "நாளைக்கு வா, பார்க்கலாம்" என்பார்.

திருடன் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. ஒரு நட்டைக்கூட வீட்டுக்கு எடுத்துப்போனதில்லை. திருடனாக இருந்திருந்தால் டிப்போவுக்கு நல்லதாக இருந்திருக்கும். பொருள் வெளியிலாவது போயிருக்கும். அவர் பேரிங்குகளுக்கு மாதம் ஒருமுறை கிரீஸ் தடவுவார். ஃபேன் பெல்ட்டுகளுக்கு முகப்பவுடர் போட்டுவைப்பார், வெடிக்காமல் இருக்க. வைப்பர் மோட்டார்களை ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, கழுத்தில் நூல் கட்டி, அட்டைப்பெட்டிக்குள் படுக்கவைப்பார். பெற்ற பிள்ளைக்கு இவ்வளவு செய்திருந்தால் அது எங்கேயோ போயிருக்கும். பிள்ளை இல்லை.

அப்படிப்பட்டவருக்குப் போன வருடம் ஒரு சோதனை வந்தது. டிப்போவுக்குப் புதிதாக ஒரு பொறியாளர் வந்து சேர்ந்தார். முப்பது வயதுப் பெண். தோளில் துணிப்பை, காலில் கான்வாஸ் ஷூ, யாரைப் பார்த்தாலும் சட்டென்று ஒரு கேள்வி. வந்த முதல் வாரமே கிடங்கைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்தக் கம்பிவலை எதுக்கு சார்? உள்ளே புலியா இருக்கு?" என்று கேட்டார்.

இல்லை சார் சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. எல்லா டிப்போக்களிலும் திறந்த அலமாரி முறை கொண்டுவருவதா என்று பொறியாளர்கள் மூன்று மாதத்தில் அறிக்கை தர வேண்டும். திறந்த அலமாரி என்றால் வலை கிடையாது, ஜன்னல் கிடையாது, காப்பாளரும் கிடையாது. மெக்கானிக் உள்ளே போவான், வேண்டியதை எடுப்பான், சீட்டெழுதிப் பெட்டியில் போடுவான், வந்துவிடுவான். வேலை போகும் காப்பாளர்களை மத்தியப் பேருந்து நிலையத்தில் 'தொலைந்த பொருட்கள்' கவுண்ட்டரில் போடுவார்கள்.

இதைக் கேட்டதும் அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். தொலைந்த பொருட்கள் கவுண்ட்டர் என்றால் சும்மாவா? குடையைத் தொலைத்தேன் என்று எவனாவது வந்து நிற்பான். குடையின் நிறத்தைச் சரியாகச் சொல்லிவிட்டால் எடுத்துக் கொடுத்தே ஆக வேண்டும். அதுவும் சந்தோஷமாக.

பொறியாளரைக் கைக்குள் போட்டுக்கொள்வது என்று முடிவு செய்தார். அதற்கு அவருக்குத் தெரிந்த வழிகள் எல்லாம் பழைய மேலாளர்களிடம் பயின்றவை. காலை வணக்கத்தைக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். அந்தம்மா காதில் இயர்போன் இருந்தது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்றார். அது அச்சுப்பிரதி. இதற்குமேல் ஒருவர் என்னதான் செய்ய முடியும்?

அப்போதுதான் அந்தத் துணிப்பையில் தொங்கிய ரப்பர் பொம்மை கண்ணில் பட்டது. வெங்காயத்துக்குக் கால் முளைத்து, கண் திறந்து, பல்லைக் காட்டினால் எப்படி இருக்கும், அப்படி. சாப்பாட்டு இடைவேளைகளில் டிப்போ எலெக்ட்ரீஷியன் அந்தம்மாவோடு மணிக்கணக்காகப் பேசுவதும், 'கோபுரம்', 'மூணாம் பாகம்' என்று என்னென்னவோ சொல்லி இருவரும் சிரிப்பதும் அவருக்குத் தெரியும். எலெக்ட்ரீஷியன் ஒரு ஹெட்லைட் பல்புக்காக நான்கு மாதம் அலைந்தவன். அவன் ஜன்னலுக்கு வந்தபோது இல்லை சார் முதல்முறையாக அவனை உட்காரச் சொன்னார். வெளியே நாற்காலி கிடையாது. அவன் நின்றுகொண்டே கேட்டான்.

"என்ன சார், மரியாதையெல்லாம் பலமா இருக்கு? பல்பு வந்திருச்சா?"

"பல்பு இருக்கட்டும்யா. அந்தம்மா பையில தொங்குதே, அது என்ன வெங்காயம்?"

"வெங்காயமா! சார், அது ஒரு பெரிய வீடியோ கேம் வரிசை. ஜப்பான்காரன் முப்பத்தஞ்சு வருஷமா போட்டுக்கிட்டிருக்கான். பதினோரு பாகம். மேடம் எல்லாத்தையும் ஆடியிருக்காங்க. நான் ஏழு."

"கதை என்ன?"

"உலகம் அழியப்போகுது. நாலு பேர் போய்க் காப்பாத்துவாங்க."

"பதினோரு தடவையுமா?"

"பதினோரு தடவையும்."

"முதல் தடவையே ஒழுங்கா காப்பாத்தித் தொலைச்சிருக்கலாமே."

இதற்குப் பதில் முப்பத்தைந்து வருடமாக யாருக்கும் தெரிந்திருக்காது என்றே தோன்றுகிறது.

இல்லை சாரின் மனைவிக்கு ஒரு தம்பி. செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். நாற்பது வயது, தலையில் முடி இல்லை, திருமணம் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுவான். அவனிடம் பதினோரு பாகமும் இருந்தன. அத்தான் வாய்விட்டு ஒன்றைக் கேட்கிறார் என்றதும் அவனுக்கு உலகம் அழியப்போகிறதோ என்று ஒரு கணம் பயம் வந்ததாம். அன்று மாலையே பழைய கையடக்கக் கருவி ஒன்றையும் பதினோரு பாகங்களையும் ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தான்.

இந்த வரிசையில் மூழ்கியவர்களுக்கு உலகத்தில் ஒரே ஒரு கடமை உண்டு. புதிதாக வருகிறவனை எந்தப் பாகத்தில் தொடங்குவது என்று குழப்பி, அவன் தொடங்காமலே ஓடிப்போகும்படி செய்வது. மச்சினன் அதைச் சிரத்தையாகச் செய்தான்.

"முதல் பாகம் வேண்டாம் அத்தான். கட்டைவண்டி மாதிரி இருக்கும். அஞ்சுல ஆரம்பிங்க. அஞ்சு பிடிச்சா எட்டு. எட்டு பிடிச்சா திரும்பி மூணு. ஆறு மட்டும் யாரும் சொன்னாலும் தொடாதீங்க. ஆறைப் பிடிக்கும்னு சொல்றவனோட நான் பேசறதையே விட்டுட்டேன்."

"அப்போ ஒண்ணு?"

"ஒண்ணு கடைசியில. ஒரு மரியாதைக்கு."

"தம்பி, பழைய சரக்கு உள்ளே இருக்கிறப்போ புதுச் சரக்கைப் பிரிக்கறது ஸ்டோர் வழக்கம் கிடையாது" என்றார் இல்லை சார். பழையதையும் புதியதையும் சமமாகப் பிரிக்காமல் வைத்திருந்தவர் சொன்னார்.

முதல் பாகத்திலேயே தொடங்கினார். சோபாவின் ஓரத்தில், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கருவியை மூக்கருகே பிடித்தபடி. ஒரு வீரன். கட்டங்கட்டமான முகம், முள்ளம்பன்றித் தலை. ஊரைவிட்டு நாலடி நடந்தால் வெங்காயம் வந்து வழிமறிக்கும். சண்டையென்றால் பெரிய சண்டை ஒன்றுமில்லை. இவன் ஒரு அடி அடித்துவிட்டு ஒதுங்கி நிற்பான். பிறகு வெங்காயம் அடிக்கும். பிறகு இவன். யாரும் முண்டியடிப்பதில்லை, தன்முறை வரும்வரை கைகட்டி நிற்கிறார்கள். கொலையைக்கூட இவ்வளவு ஒழுங்காகச் செய்யலாம் என்பது அவரை மிகவும் கவர்ந்தது. தன் ஜன்னலில் நிற்பவர்களுக்கு இந்தப் பண்பு வரவில்லையே என்று ஏங்கினார்.

ஆனால் அந்த உலகத்தின் நிர்வாகம் அவரைக் கொதிக்கவைத்தது. கடைக்காரன் யார் கேட்டாலும் வாளை எடுத்துக் கொடுத்தான். இண்டெண்ட் என்னும் தேவைச்சீட்டு எழுதச் சொல்லவில்லை. பழைய வாளைத் திருப்பிக் கொண்டுவா என்று சொல்லவில்லை. அதைவிட மோசம், வீரன் எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம், எந்தப் பெட்டியையும் திறக்கலாம், பானையை உடைத்து உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்காரர்கள் பக்கத்திலேயே நின்று, "இன்று நல்ல வெயில்" என்பார்கள்.

"திறந்த அலமாரி!" என்று இல்லை சார் முனகினார். "எங்கேயிருந்து இந்தப் புத்தி வந்துச்சுன்னு பார்த்தேன். இதை ஆடித்தான் அந்தம்மா கெட்டிருக்கு."

மூன்றாம் நாள் மாலை அவர் மனைவி வேலை முடிந்து வந்தார். கண் மருத்துவர் ஒருவரின் வரவேற்பு மேசையில் இருப்பவர். நாள் முழுக்க மற்றவர்களை உட்காரவைத்துவிட்டு வருவதால் வீட்டில் நின்றுகொண்டே பேசும் பழக்கம். செருப்பைக் கழற்றியபடியே கணவரின் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்.

"என்னங்க, அந்தப் பொம்பள பக்கத்துலயே நிக்குது. நீங்க பாட்டுக்கு அது வீட்டுப் பானையைப் போட்டு உடைக்கிறீங்க?"

"அது ஒண்ணும் சொல்லாதும்மா."

"நான் உங்க பீரோவைத் திறந்தா மட்டும் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பீங்க."

பீரோவில் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகள் இருபத்து நான்கு, வந்த காகிதத்தோடு அப்படியே இருந்தன. விருந்தாளி வந்தால் எடுக்கலாம் என்று வைத்தது. எந்த விருந்தாளியும் அந்தத் தட்டுக்குத் தகுந்தவராக இதுவரை வரவில்லை.

பானைகளிலிருந்து கிடைத்தவை பெரும்பாலும் மருந்துகள். பச்சிலை, களிம்பு, விஷமுறிவு, எப்போதாவது ஓர் அமுதக் குப்பி. குப்பியை ஒருவன் குடித்தால் சாகக் கிடப்பவனும் முழுப் பலத்தோடு எழுந்து நிற்பான். கடையில் கிடைக்காது, உலகம் முழுக்கத் தேடினாலும் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். பையைத் திறந்து, அடுக்கடுக்காக அவை நிற்பதைப் பார்த்த இல்லை சாரின் முகத்தில் இருபத்தாறு வருடப் பணியில் யாரும் காணாத இன்முகம் தோன்றியது. அந்தக் கணத்தில்தான் அவர் இந்த விளையாட்டுக்குள் உண்மையாக விழுந்தார் என்று சொல்ல வேண்டும். கைக்குள் போட்டுக்கொள்ளப் போனவர், தானே போய் விழுந்தார். உலகத்தைக் காப்பாற்றுவது அவருக்கு ஒரு சாக்கு. பை நிரம்பியது.

மருந்தைத் தொடாமல் ஆடுவது எப்படி? அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். வலிமையான எதிரியிடம் போவதற்கு முன்னால் வலிமையற்ற எதிரிகளைச் சலிக்காமல் அடிப்பது. ஒரே வயல், ஒரே வெங்காயம், நாளுக்கு இருநூறு. அடித்து அடித்து வீரன் கொஞ்சம் கொஞ்சமாகப் பலசாலியாவான். காயம் பட்டால் மருந்து கொடுக்காமல் ஊருக்கு நடத்திக் கூட்டிப்போய் சத்திரத்தில் தூங்கவைப்பார். மச்சினன் கண்ணில் தண்ணீர் விடாத குறையாகச் சொன்னான்: "அத்தான், ஒரு பச்சிலை குடுத்தா போதும். அதுக்குப் போய் அரை மணி நேரம் நடக்கறீங்களே?"

"நடந்தா கால் தேயாது. குடுத்தா பச்சிலை தீர்ந்துடும்."

இந்த லட்சணத்தில் ஏழு வாரத்தில் முதல் இரண்டு பாகங்களையும் முடித்தார். முடித்ததும் சாப்பாட்டு இடைவேளையில், தயிர்ப்பாத்திரத்தை மூடிக்கொண்டே, சும்மா கேட்பதுபோல் பொறியாளரிடம் கேட்டார்.

"மேடம், ரெண்டாம் பாகத்துல அந்தக் கலங்கரை விளக்கத்துக் கிழவன் ஒரு கதவைக் காட்டுவானே, அது கடைசி வரைக்கும் திறக்கவே இல்லையே?"

பொறியாளர் கையில் இருந்த ஸ்பூன் அப்படியே நின்றது. "சார்! நீங்களா? ரெண்டாம் பாகமா?"

"ஒண்ணு முடிச்சிட்டுத்தான் மேடம் ரெண்டு."

"ஒண்ணு முடிச்சிட்டீங்களா!"

பதினோரு பாகமும் கரைத்துக் குடித்ததாகச் சொல்லித் திரிந்த அந்தம்மா முதல் பாகத்தைப் பாதியிலேயே விட்டவர். எலெக்ட்ரீஷியன் தொட்டதே இல்லை. இந்த விஷயத்தில் மூழ்கியவர்கள் எல்லோரும் முதல் பாகத்தைக் கும்பிடுவார்கள். யாரும் ஆட மாட்டார்கள். ஆடி முடித்த ஒரு மனிதரை நேரில் பார்த்ததும் இருவர் முகத்திலும் பக்தி வந்துவிட்டது. அன்றிலிருந்து இல்லை சாருக்குச் சாப்பாட்டு மேசையில் இடம் உண்டு. எலெக்ட்ரீஷியன் நகர்ந்து உட்கார்ந்தான். பல்பு கிடைக்காதவன்தான் நகர்ந்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

திட்டம் பலித்தது. பொறியாளர் அவரை "ஒண்ணு சார்" என்று கூப்பிடத் தொடங்கினார். பழைய பெயருக்கு இது எவ்வளவோ மேல். இப்படியே விட்டிருந்தால் அறிக்கையில் கம்பிவலை தப்பியிருக்கும். ஆனால் வாயை மூடிக்கொண்டு ஜெயிக்கிற சாமர்த்தியம் அவருக்கு இல்லை. பெருமையடித்துக்கொள்ள ஒரு விஷயம் பாக்கி இருந்தது.

மூன்றாம் பாகத்தின் முடிவில் ஓர் அசுர ராஜா இருக்கிறான். ஆறு கைகள், மூன்று வாய்கள். இல்லை சாரின் நால்வர், வீரனும் கூட்டாளிகள் மூவரும், அவனிடம் வரிசையாக நின்று அடிவாங்கிச் செத்தார்கள். மறுபடி போனார்கள், மறுபடி செத்தார்கள். வெங்காயம் அடித்துச் சேர்த்த பலம் இங்கே செல்லவில்லை. மனைவி பாத்திரம் துடைத்துக்கொண்டே எண்ணிக்கொண்டிருந்தார்.

"இருபத்தெட்டு."

"எண்ணாதே."

"பையில அவ்வளவு மருந்து இருக்கே, ஒண்ணை எடுத்துக் குடுத்தா என்னங்க?"

"பின்னாடி இதைவிடப் பெரிசா ஒருத்தன் வருவான். அப்போ என்ன பண்றது?"

"இவன்தானே கடைசி?"

"கடைசின்னு யாரு சொன்னது?"

"அந்தத் திரையிலயே போட்டிருக்குங்க. 'இறுதிப் போர்'னு."

"போடுவான்" என்றார் இல்லை சார்.

இதற்கிடையில் மழைக்காலம் பிடித்துக்கொண்டது. மழை பெய்தால் பேருந்துக்கு வைப்பர் வேண்டும். வைப்பர் ஓட மோட்டார் வேண்டும். ஆறு பேருந்துகள் கொட்டகையில் நின்றன. டிரைவர்கள் ஜன்னலுக்கு வந்தார்கள். இல்லை சார் எழுந்தார், அலமாரிப் பக்கம் நடந்தார், கொஞ்ச நேரம் நின்றார், திரும்பி வந்து, "இல்லையேப்பா" என்று வருத்தமாகச் சொன்னார்.

அறிக்கை அனுப்ப மூன்று நாள் இருக்கையில், ஒரு வெள்ளிக்கிழமை மதியம், கருவியைப் பையில் போட்டு டிப்போவுக்கே கொண்டுவந்துவிட்டார். சாப்பாட்டு மேசையில் வைத்து, மருந்துப் பையைத் திறந்து, பொறியாளர் பக்கம் திருப்பினார். பச்சிலை தொண்ணூற்றொன்பது. களிம்பு தொண்ணூற்றொன்பது. விஷமுறிவு தொண்ணூற்றொன்பது. அதற்குமேல் பையில் ஏறாது. கீழே, அமுதக் குப்பி பதினேழு.

"மூணு பாகத்துலயும் ஒண்ணுகூடத் தொடலை மேடம்" என்றார். வாயெல்லாம் பல்.

பொறியாளர் மெதுவாகக் கீழே தள்ளிப் பார்த்தார். "இங்க 'மரணம் முப்பத்தொண்ணு'ன்னு போட்டிருக்கே சார்?"

"ஆமா மேடம். ராஜா கொஞ்சம் முரடன்."

"குப்பி பதினேழு இருக்கே?"

"இருக்கணும்ல மேடம்!"

அந்தம்மா நிமிர்ந்து அவரையே பார்த்தார். வெளியே மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. பிறகு, சாதாரணமாகக் கேட்டார்.

"சார், ஸ்டோர்ல வைப்பர் மோட்டார் இருக்கா?"

"இல்லை மேடம்."

புத்திக்கு முன்னால் வாய் ஓடிவிட்டது. எலெக்ட்ரீஷியன் குடித்த டீ மூக்கு வழியாக வந்தது.

பொறியாளர் கிடங்குச் சாவியை வாங்கவில்லை. அவரையே முன்னால் நடக்கவைத்து, அவர் கையாலேயே திறக்கவைத்தார். மேல் அலமாரியில் நாற்பத்தொரு வைப்பர் மோட்டார்கள் கழுத்தில் நூலோடு படுத்திருந்தன. அவற்றில் இருபத்திரண்டு, ஆறு வருடத்துக்கு முன்பே ஏலத்தில் போன ஒரு மாடல் பேருந்துக்கு உரியவை. அவை இனி எந்த மழையிலும் ஓடப்போவதில்லை. துருவில்லாமல், தூசியில்லாமல், பளபளவென்று இருந்தன. மிச்சம் பத்தொன்பதை எலெக்ட்ரீஷியன் இரண்டு கையாலும் வாரிக்கொண்டு போனான். இல்லை சார் அவன் பின்னால், "இண்டெண்ட், இண்டெண்ட்" என்று கொஞ்சதூரம் போய்விட்டுத் திரும்பினார்.

"அறிக்கையில கடைசிப் பத்தியைத் தவிர எல்லாம் எழுதியாச்சு சார்" என்றார் பொறியாளர். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "திங்கக்கிழமை காலைல அனுப்பணும். அதுக்குள்ள எனக்கு ஒண்ணு செய்யுங்க. அந்தக் குப்பியை எடுத்து உங்க ஆளுங்களுக்குக் குடுத்து, ராஜாவை முடிச்சிட்டு வாங்க. முடிச்சு ஆட்டத்தைச் சேமிச்சா உங்க பேருக்குப் பக்கத்துல ஒரு நட்சத்திரம் விழும். அதை எனக்குக் காட்டுங்க. கையில இருக்கறதை எடுத்துக் குடுக்க உங்களுக்கு வரும்னு ஒரு தடவையாவது நான் பார்க்கணும். பார்த்தா, இந்த வலை இங்கயே இருக்கும்னு எழுதறேன்."

ஒரு டிப்போவின் தலைவிதியை வெங்காய விளையாட்டில் வைத்து முடிவு செய்வது பொறியாளருக்கு அழகா என்று கேட்கலாம். அழகில்லை. ஆனால் பத்து முறை உலகத்தைக் காப்பாற்றியவர்களுக்கு இப்படியெல்லாம் தோன்றும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு இல்லை சார் சோபாவில் உட்கார்ந்தார். இடப்பக்கம் மச்சினன், பின்னால் மனைவி, நின்றபடி. கதவைச் சாத்தச் சொன்னார். நால்வரும் ராஜாவின் மண்டபத்துக்குள் போனார்கள். முறை வைத்து அடித்தார்கள், முறை வைத்து அடிவாங்கினார்கள். கால் மணி நேரத்தில் வைத்தியக்காரி விழுந்தாள். மந்திரவாதி ஊசலாடினான். வீரனுக்கு உயிர் ஒன்பது புள்ளி.

"இப்போ குடுங்க அத்தான்."

கட்டைவிரல் 'பயன்படுத்து' என்ற சொல்லின்மேல் நின்றது. விளையாட்டில் அவர் முறை. எவ்வளவு நேரம் யோசித்தாலும் ராஜா ஆறு கையையும் கட்டிக்கொண்டு காத்திருப்பான். காத்திருந்தான். சுவர்க்கடிகாரத்தில் ஆறு நிமிடம் ஓடியது.

"என்னங்க, அந்த ராட்சசனுக்கே கால் வலிச்சிருக்கும்" என்றார் மனைவி.

அழுத்தினார். குப்பி பதினாறாயிற்று. அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பல் பிடுங்கும்போது வருமே, அந்தச் சத்தம். வீரன் எழுந்து நிமிர்ந்தான். பதினைந்து. மந்திரவாதி எழுந்தான். பதினான்கு. வைத்தியக்காரி எழுந்தாள். முப்பத்தொரு முறை கொன்றவன் அடுத்த ஐந்து முறைக்குள் சுருண்டு விழுந்தான். மண்டபம் இடிந்தது, வானம் வெளுத்தது, ஊர் ஊராக மக்கள் கைதட்டினார்கள். மச்சினன் எழுந்து நின்று தானும் கைதட்டினான். மனைவிகூட, "பரவாயில்லையே" என்றார். அந்த வாயிலிருந்து அது பெரிய வார்த்தை.

இல்லை சாருக்குக் கண் கலங்கியிருந்தது. எதற்கு என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை.

பெயர்ப் பட்டியல் ஓடி முடிந்ததும் கருவி ஒரு கேள்வி கேட்டது. இந்த வெற்றியைச் சேமிக்கவா? ஆம், வேண்டாம். கேள்விக்குக் கீழே, சிறிய எழுத்தில், கையிருப்பு: அமுதக் குப்பி பதினான்கு.

"ஆமான்னு அமுக்குங்க அத்தான். நட்சத்திரம் விழும்."

"வேண்டாம்னு அமுக்குனா?"

"அமுக்குனா ஆடினதெல்லாம் போயிரும். சண்டைக்கு முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படியே வந்து நிக்கும்."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"குப்பியும்?"

மச்சினனுக்குப் புரிவதற்கு ஒரு கணம் பிடித்தது. "அத்தான், வேணாம்! அத்தான்!" என்று அவன் கருவியைப் பறிக்கப் பாய்வதற்குள் கட்டைவிரல் இறங்கிவிட்டது. இந்த முறை அது ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

மனைவி உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தமும் காகிதம் கிழியும் சத்தமும் கேட்டன. அன்று மாலை மூவரும் பீங்கான் தட்டில் சாப்பிட்டார்கள். அவர் தடுக்கவில்லை, கவனிக்கவே இல்லை என்றுதான் மச்சினன் சொல்கிறான். மடியில் கருவியை வைத்து, பையைத் திறந்து, பதினேழையும் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

திங்கட்கிழமை காலை பொறியாளர் கேட்டார்: "முடிச்சீங்களா சார்?"

"முடிச்சேன் மேடம். மூணு குப்பி ஆச்சு."

"காட்டுங்க."

காட்டினார். பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரம் இல்லை. நால்வரும் ராஜாவின் வாசலில் நின்றார்கள். பையில் குப்பி பதினேழு. பத்துப் பாகம் முடித்தவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தம்மா அதைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பின்னாலிருந்த கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்தார். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு, "சாவி சார்" என்றார்.

ஜன்னலுக்கு வெளியே எலெக்ட்ரீஷியனும் இரண்டு டிரைவர்களும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இல்லை சார் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து, சாவியைத் துணியால் ஒருமுறை துடைத்து, பொறியாளரிடம் கொடுத்தார். கொடுத்ததற்குச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டார்.